கிராணியின் ஜாதகக் கோப்பு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவரிசையின் மாடிப்படிக்குக் கீழே என் கடை. ஃபோட்டோஸ்டாட், பிரிண்டிங், அரசாங்க பாரம் நிரப்புவது, கல்யாணக் கார்டு, கோயில் நோட்டீஸ். போர்டில் இவ்வளவுதான் எழுதியிருக்கும். எழுதாத ஒரு வேலையும் உண்டு. எங்கேயும் திறக்காத கோப்புகளைத் திறந்து, இன்றைய கணினிக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுப்பேன். அதற்காகவே அம்பாங்கிலிருந்தெல்லாம் ஆள் வருகிறார்கள். "இது எதுலயும் ஓப்பன் ஆகாதுக்கா, சும்மா பாருங்க" என்று பென்டிரைவை நீட்டும்போதே எனக்குக் கை துறுதுறுக்கும்.

ஒரு தையல்கார அக்கா பிளவுஸ் எம்பிராய்டரி டிசைனோடு வந்தார். டிசைன் ஒரு கம்பெனியுடையது, அவருடைய மெஷின் இன்னொரு கம்பெனியுடையது. இரண்டும் பேசிக்கொள்ளாது. பேச வைத்தேன். ஓர் அங்கிள் சங்கக் கூட்டத்தில் தான் பேசிய பேச்சைப் பழைய போனில் பதிந்து வைத்திருந்தார். அந்த ஒலிக்கோப்பை இன்றைய எந்தப் போனும் மதிக்கவில்லை. மாற்றிக் கொடுத்தேன். கடையிலேயே உட்கார்ந்து முழுவதும் கேட்டுவிட்டு, "ஓப்பன் ஆகாமலே இருந்திருக்கலாம்லா" என்றார்.

இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கோப்பைப் போட்டால் வேறு வடிவத்தில் மாற்றித் தரும் தளங்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. எதை நம்பலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும். 'டவுன்லோட்' என்று பெரிய பச்சைப் பொத்தான் பளபளத்தால் அது விளம்பரம். உண்மையான பொத்தான் கீழே ஒரு மூலையில் கடுகளவுக்கு ஒளிந்திருக்கும். அடையாள அட்டை எண் இருக்கிற கோப்பை இலவசத் தளத்தில் ஏற்றவே மாட்டேன். முக்கியமாக, மாற்றிய கோப்பை அப்படியே கையில் கொடுத்துவிட மாட்டேன். அதில் எனக்கு விடை தெரிந்த ஒன்றையாவது எடுத்து ஒத்துப் பார்ப்பேன். ஒத்துப்போனால்தான் வெளியே போகும். இந்தப் பழக்கத்தைப் பற்றி எனக்கு ரொம்பப் பெருமை. அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

என்னோடு கிள்ளானில் ரயில்வே குவாட்டர்ஸில் வளர்ந்தவள் ஒருத்தி. பக்கத்து வீடு. இப்போது கிள்ளான் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை பார்க்கிறாள். எங்கள் இருவருக்கும் ஒரே வயது, நாற்பத்தாறு. எனக்குப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். அவள் கல்யாணமே வேண்டாம் என்று இருந்தவள். போன வருஷம் ஒரு சனிக்கிழமை தன் அம்மாவோடு கடைக்கு வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து, யாரோ மூன்றாம் மனுஷியைப் பற்றிச் சொல்வதுபோல விஷயத்தைச் சொன்னாள். அவள் வார்டில் தன் தாயாரைச் சேர்த்திருந்த ஒருவர். மனைவியை இழந்தவர், லோரி கம்பெனியில் சூப்பர்வைசர், அம்பாங்கில் வீடு. தாயார் குணமாகி வீட்டுக்குப் போன பிறகும் அவர் வார்டுக்கு வந்து போயிருக்கிறார்.

"இருவது வருஷமா வேணாம் வேணாம்னு சொல்லிட்டேன்டி" என்றாள். "இப்ப வேணும்போல இருக்கு. வெக்கமாவும் இருக்கு."

தடை ஒன்றே ஒன்று. அவருடைய அக்கா. அந்த வீட்டில் அக்கா பேச்சுதான் செல்லும். தம்பியின் முதல் கல்யாணத்தை ஜாதகம் பார்க்காமல் செய்தார்களாம். மூன்றே வருஷத்தில் அந்தப் பெண் இறந்துவிட்டாள். அன்றிலிருந்து அக்காவுக்குப் பயம். "பொண்ணு எப்படி இருந்தாலும் சரி, வயசு எவ்ளோ இருந்தாலும் சரி. ஜாதகம் பொருந்தணும், அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டார்.

இவளிடம் ஜாதகம் இல்லை. கிள்ளானில் வெள்ளம் வந்தபோது அலமாரியின் அடித்தட்டு முழுக்கத் தண்ணீரில் ஊறி, நோட்டும் பத்திரமும் கூழாகிவிட்டன. ரப்பர் தோட்டத்தில் மருத்துவச்சி கையில் பிறந்தவள் என்பதால் பிறப்புச் சான்றிதழிலும் நேரம் எழுதவில்லை. மிஞ்சியது ஒன்றுதான். அவளுடைய அப்பா ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவர். ஜாதகம் கணிப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. கம்ப்யூட்டர் வந்த காலத்தில் ஒரு மென்பொருளை வாங்கி, நோட்டில் எழுதி வைத்திருந்த குவாட்டர்ஸ் ஜனங்கள் அத்தனை பேருடைய விவரத்தையும் அதில் ஏற்றிவிட்டார். அவர் காலமான பிறகு, ஜொகூரில் இருக்கும் இவள் தம்பி அந்தக் கோப்பை ஒரு பென்டிரைவில் பத்திரப்படுத்தியிருந்தான். அதைத்தான் என் மேசையில் வைத்தாள். அந்த மென்பொருளை விற்ற கம்பெனி இன்று இல்லை. கோப்பின் பெயருக்குப் பின்னால் இருந்த மூன்றெழுத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் அடிப்பீர்கள்.

அரை மணி நேரம் தேடினேன். அந்த மூன்றெழுத்தைத் தெரிந்து வைத்திருந்த தளம் உலகத்திலேயே ஒன்றுதான் இருந்தது போலும். ஏதோ ஒரு நாட்டில் ஜாதகப் பைத்தியம் பிடித்த ஒருவர் தனியாக நடத்துவது. ஏற்றினேன். சாதாரண அட்டவணையாக மாறி வந்தது. பெயர், தேதி, நேரம், ஊர். கட்டங்கள் இல்லை. மென்பொருள் அதையெல்லாம் அவ்வப்போது கணக்குப் போட்டுக் காட்டுமே தவிர சேமித்து வைக்காது. பரவாயில்லை. நேரம் தெரிந்தால் ஜோதிடர் மற்றதைப் பார்த்துக்கொள்வார். இவள் பெயருக்கு நேராகக் காலை ஆறேகால் என்று இருந்தது.

என் வழக்கப்படி ஒத்துப் பார்த்தேன். தம்பியும் அந்த அட்டவணையில் இருந்தான். அவன் மருத்துவமனையில் பிறந்தவன், சான்றிதழில் நேரம் உண்டு. ஜொகூருக்கு மெசேஜ் போட்டோம். உடனே படம் அனுப்பினான். நிமிஷம் பிசகாமல் ஒத்துப்போனது. காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறைதான்.

அப்போதுதான் ஆன்டி, அவள் அம்மா, வாயைத் திறந்தார். "ஆறேகால் இல்லம்மா. அஞ்சே முக்கால்."

"அப்பா போட்டு வெச்சதே ஆறேகால்தான் ஆன்டி."

"இல்லம்மா, அன்னிக்குக் காலையில..."

அவர் சொல்லவந்ததை நான் சொல்ல விடவில்லை. "ஆன்டி, நாப்பத்தாறு வருஷம் ஆச்சு. நமக்கு நேத்து சாப்பிட்டதே மறந்துபோவுது. மெஷின் மறக்காது லா" என்று சிரித்தேன். மகளும் சிரித்தாள். ஆன்டியும் கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தார். ஆறேகால் என்று பிரிண்ட் எடுத்து, உறையில் போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

இரண்டு வாரம் கழித்து அவள் போன் செய்தாள். கிள்ளான் ஜோதிடர் ஆறேகாலுக்குக் கட்டம் போட்டிருக்கிறார். செவ்வாய் எட்டாம் இடத்தில். பெண்ணுக்கு எட்டில் செவ்வாய் என்றால் கணவனுடைய ஆயுளுக்கு ஆகாது என்பார்கள். ஒரு மரணத்தைப் பார்த்துவிட்ட அக்காவுக்கு வேறென்ன வேண்டும்? பேச்சை அதோடு நிறுத்திவிட்டார்.

"விடுடி. இவ்ளோ நாள் இல்லாம இருந்தேன்தானே" என்றாள். பின்னால் வார்டில் யாரோ கூப்பிடுவது கேட்டது. "போறேன்" என்று வைத்துவிட்டாள்.

எனக்கு ஜாதகத்தில் நம்பிக்கை கிடையாது. அதனாலேயே கோபம் இரண்டு மடங்கு வந்தது. கோபத்தில் அந்த அட்டவணையை மறுபடியும் திறந்தேன். கிராணியார் குவாட்டர்ஸில் ஒருவரையும் விடவில்லையே, என்னை எங்கே வைத்திருக்கிறார் என்று தேடினேன். இருந்தேன். பெயர் சரி, தேதி சரி. நேரம் காலை ஒன்பது ஐம்பது. நான் பிறந்தது ஒன்பது இருபது. என் சான்றிதழில் இருக்கிறது. என் அம்மா வருஷா வருஷம் பிறந்தநாளன்று சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம்.

அரை மணி நேரம். சரியாக அரை மணி நேரம்.

அதற்குப் பிறகு புரிய ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. எண்பத்திரண்டாம் வருஷத்தின் முதல் நாளன்று இந்த நாட்டில் எல்லாக் கடிகாரத்தையும் அரை மணி முன்னால் தள்ளி வைத்தார்கள். அப்போது எனக்கு மூன்று வயதுகூட இல்லை. ஆனால் என் அப்பா, "என் அரை மணித் தூக்கத்தை எடுத்துக்கிட்டாங்க, இன்னும் திருப்பித் தரல" என்று சாகும்வரை குறைப்பட்டுக்கொண்டிருந்தார். கிராணியாரின் மென்பொருள் எல்லா நேரத்தையும் கிரீன்விச் கணக்குக்கு மாற்றிச் சேமித்திருக்கிறது. அதைத் திருப்பி மாற்றிய தளம், மலேசியா என்றால் எட்டு மணி கூட்டு என்று எல்லாருக்கும் ஒரே மாதிரி கூட்டியிருக்கிறது. பழைய காலத்துக்கு ஏழரைதான் கூட்டியிருக்க வேண்டும். எண்பத்திரண்டுக்குப் பிறகு பிறந்தவர்கள் நேரம் சரியாக வந்தது. முன்னால் பிறந்தவர்கள் அத்தனை பேரும் அரை மணி பிந்திப் பிறந்துவிட்டார்கள். நான் ஒத்துப் பார்க்க எடுத்த தம்பி எண்பத்தைந்தில் பிறந்தவன்.

தோழியும் அவள் தம்பியும் ஒரே வீடு, ஒரே கோப்பு. ஒன்று சரி என்றால் மற்றதும் சரி என்று எடுத்துக்கொண்டேன். எங்கேயோ உட்கார்ந்திருக்கும் தளத்துக்காரருக்கு இது தெரியாமல் போனதில் தப்பில்லை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆன்டி சொன்ன அஞ்சே முக்கால்தான் சரி. அவர் வாயைத்தான் நான் அடைத்தேன்.

அன்றே கடையை அடைத்துவிட்டுக் கிள்ளானுக்குப் போனேன். ஜோதிடர் வீட்டில் அஞ்சே முக்காலுக்குக் கட்டம் போடச் சொன்னேன். பழைய நேரக் கணக்கெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் தப்பு எதுவும் செய்யவில்லை, நான் கொடுத்த நேரத்துக்குத்தான் போட்டிருந்தார். இப்போது லக்னம் ஒரு வீடு பின்னால் போக, செவ்வாய் ஒன்பதாம் இடத்துக்கு நகர்ந்தது. தோஷம் இல்லை. தாளை எடுத்துக்கொண்டு தோழியின் வீட்டுக்குப் போய், ஆன்டி முன்னால் நின்று, "நீங்க சொன்ன நேரம்தான் சரி ஆன்டி. நான்தான் தப்பு" என்றேன்.

ஆன்டி டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்படியா? எனக்கு இப்ப எதுவும் உறுதியா தெரியலம்மா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

அம்பாங்குக்குத் தோழி பேசினாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். அந்த அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "போன மாசம் எட்டுல இருந்த செவ்வாய் இந்த மாசம் ஒம்பதுக்குப் போயிருச்சா? நல்ல பிரிண்டிங் கடைம்மா" என்றார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். தோஷத்தை மறைக்க நேரத்தைத் திருத்துவது நம்மிடையே புதிதா என்ன? நான் குறுக்கே புகுந்து, என் சான்றிதழைக் காட்டுகிறேன், தளத்தைத் திறந்து காட்டுகிறேன் என்று அடுக்கினேன். அவர் ஒன்றையும் காதில் வாங்கவில்லை. கடைசியில், "பேப்பர் எதுவும் வேணாம். பெத்தவங்கள கூட்டிட்டு வாங்க. அவங்க வாயால சொல்லட்டும். அப்புறம் பாக்கலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை என் காரில் மூவரும் போனோம். ஆன்டி முன்சீட்டில், தோழி பின்சீட்டில். ஃபெடரல் ஹைவேயில் கார்கள் ஊர்ந்தன. எனக்கு நாக்கு அரித்தது. 'அஞ்சே முக்கால்னு சொல்லிடுங்க ஆன்டி' என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும். சொன்னால் அது நான் சொல்லிக்கொடுத்ததாகிவிடும். அவருக்கும் அது என்னுடைய நேரமாகத்தான் படும், தன்னுடையதாக அல்ல. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். பின்சீட்டில் ஒருத்தி வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றை வேண்டும் என்று கேட்டிருக்கிறாள், அதை நான் ஒரு சிரிப்பில் கெடுத்து வைத்திருக்கிறேன். வேறு எதையும் அன்று என்னால் யோசிக்க முடியவில்லை.

அந்த அக்கா எதிர்பார்த்ததைவிடச் சின்ன உருவம். மாப்பிள்ளை எங்களை உட்கார வைத்துவிட்டு, காப்பிக் கோப்பைகளை அடுக்கி வைத்துவிட்டு, கதவோரமாக நின்றுகொண்டார். புதுத் தாளை மேசை மேல் வைத்தேன். அக்கா அதைத் தொடவில்லை. ஆன்டியைப் பார்த்து நேராகக் கேட்டார். "உங்க மக எப்பம்மா பொறந்தாங்க?"

ஆன்டி என்னைப் பார்த்தார்.

நான் முறுக்குத் தட்டைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் ஒரு முறுக்கை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. தோழி கைப்பையின் வாரைச் சுருட்டுவதும் விடுவதுமாக இருந்தாள்.

"நேரம் எனக்குச் சரியா சொல்லத் தெரியலம்மா" என்று ஆன்டி ஆரம்பித்தார். எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்றே தோன்றியது. "நடந்தது வேணா சொல்றேன். தலப்பிரசவம்னு காப்பாருக்கு எங்கம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அப்ப அவங்க தோட்டத்துலதான் குடியிருந்தாங்க. விடியாலயே வலி கூடிருச்சு. அஞ்சரைக்குப் பெரட்டு மணி அடிச்சாச்சு."

பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவது. அக்காவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. லேசாகத் தலையாட்டினார்.

"எங்கப்பா கெளம்பி வாசல்லயே நிக்கிறாரு. எங்கம்மா உள்ள இருந்து கத்துறாங்க, 'நீங்க போங்க, பேர் கூப்புட்டுருவாங்க'ன்னு. அவரு போவல. புள்ள அழுவுற சத்தம் கேட்டுச்சு, என்ன புள்ளன்னு கேட்டாரு, அப்புறம்தான் சைக்கிள எடுத்தாரு. ஆறு மணிக்குப் பேர் கூப்புடுவாங்க. ஒரு நிமிசம் பிந்துனாலும் திருப்பி அனுப்பிருவாங்க, அன்னிக்கு வேல கெடயாது." ஆன்டி நிறுத்தினார். கணக்குப் போடுகிறவர் மாதிரி விரலை மடக்கினார். பிறகு நிமிர்ந்தார். குரல் மாறியிருந்தது. "அன்னிக்கு எங்கப்பாவுக்கு வேல இருந்துச்சும்மா. சாயங்காலம் சம்பளத்துல புள்ளைக்குத் துணி வாங்கிட்டு வந்தாரு. ஆறேகாலுக்கு எப்படிப் பொறந்திருக்கும்? அஞ்சே முக்கால். அஞ்சே முக்கால்தான். யார் என்ன சொன்னாலும் அஞ்சே முக்கால்தான்."

கடைசி வாக்கியத்தை என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

அக்கா தன் கோப்பையைத் தள்ளி வைத்தார். "எங்கப்பாவையும் ரெண்டு மூணு தடவ திருப்பி அனுப்பியிருக்காங்க" என்றார். "வீட்டுக்கு வந்து யார்கூடவும் பேச மாட்டாரு." பிறகு கையை நீட்டி, அவ்வளவு நேரம் தொடாத தாளை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே வரை படித்தார். மடித்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "தை மாசம் வெச்சிக்கலாமாம்மா? ரொம்பத் தள்ளிப் போட வேணாம்."

கதவோரம் நின்றவர் அப்போதுதான் முதல் தடவையாகப் பேசினார். "காப்பி ஆறிப்போச்சு. சூடு பண்ணிக் கொண்டாறேன்" என்று எல்லாக் கோப்பைகளையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஒன்றைக்கூட யாரும் குடித்து முடித்திருக்கவில்லை. தோழி சிரித்துக்கொண்டே அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை, அவள் அப்பா சாவில்கூட அழாதவள்.

திரும்பி வரும்போது காரில் எனக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. கல்யாணக் கார்டு என் செலவு, டிசைன் இப்படி, தாள் அப்படி என்று பேசிக்கொண்டே ஓட்டினேன். ஆன்டி கைப்பையிலிருந்து போனை எடுத்து எதையோ தட்டிக்கொண்டிருந்தார். சிவப்பு விளக்கில் நின்றபோது போனை என் பக்கம் நீட்டினார்.

"இத எப்படி கேன்சல் பண்றதுன்னு பாரு."

வாங்கிப் பார்த்தேன். கிளினிக் அப்பாயின்மென்ட். செவ்வாய்க்கிழமை காலை எட்டரை. ஞாபக மறதிப் பரிசோதனை.

"என்னம்மா இது?" பின்சீட்டிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள்.

"நான்தான் போட்டேன். பெத்த புள்ள பொறந்த நேரமே மறந்துபோச்சே, இன்னும் என்னென்ன மறக்கப் போவுதோன்னு பயந்துட்டேன். ஒரு மாசமா சரியா தூக்கம் இல்ல."

விளக்கு பச்சையானது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். காரை ஓரமாக நிறுத்தி, அப்பாயின்மென்ட்டை ரத்து செய்யும் பொத்தானைத் தேடிப் பிடித்து அழுத்தினேன். காரணம் என்ன என்று ஒரு கட்டம் திறந்தது. என்ன போடுவது என்று தெரியாமல் விழித்தேன்.

"என்ன கேக்குது?" என்றார் ஆன்டி.

"காரணம் கேக்குது ஆன்டி."

"உன் பேரப் போடு" என்றார்.